பொம்மைக்காரரும் மெய்யறி வாரியமும்

பொம்மைக்காரர் முதல் முறை அடி வாங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, கண் கூசும் வெயிலில். ஆள் சரியாகத் தெரியவில்லை, ஏதோ கைதவறி அடித்துவிட்டோம் என்று பின்னால் யாரும் மழுப்பக் கூடாது பாருங்கள், அதனால் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

துணிக்கடை வாசலில் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வருவோர் போவோரைப் பார்த்துச் சிரிக்குமே, அந்தப் பொம்மைகளைப் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். விரல் ஒடிந்தால் ஒட்டுவார். மூக்கு தேய்ந்தால் பூசிக் கட்டுவார். கழுத்து ஆடினால் திருகாணியை முடுக்குவார். அன்றைக்குப் பள்ளிச் சீருடைக் கடையிலிருந்து இரண்டு குழந்தைப் பொம்மைகளை வண்டியில் வைத்துக் கட்டி எடுத்து வந்துகொண்டிருந்தார். ஒன்று பின்னிருக்கையில் அவர் முதுகோடு சாய்ந்திருந்தது. இன்னொன்று முன்னால் குறுக்கே கிடந்தது, அதன் கால்கள் காற்றில் ஆடின. சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் படம் பிடித்தார். குழந்தைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். கீழே மூன்று வரி எழுதினார்: "இவன் குழந்தைகளைக் கொன்று உறுப்புகளை விற்கிறான். நம் பகுதியில்தான் சுற்றுகிறான். பெற்றவர்கள் எல்லோருக்கும் அனுப்பவும்."

பொம்மைக்காரர் நான்கு தெரு தாண்டுவதற்குள் படம் அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. ஐந்தாவது தெருவில் இருபது பேர் தயாராக நின்றார்கள்.

வண்டியைத் தள்ளினார்கள், ஆளை இழுத்தார்கள். "ஐயா, பொம்மைங்க, பொம்மை" என்று அவர் கத்தியதற்கு வாயிலேயே ஒரு குத்து விழுந்தது, இரண்டு பற்கள் போயின. ஒருவன் குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தான். கை தோளோடு கழன்று அவன் கையில் வந்துவிட்டது. அவன் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தான். "கையை வெட்டி வெச்சிருக்கான்டா!" என்று இன்னொருவன் அலறி, அதே கையை எடுத்துப் பொம்மைக்காரரின் மண்டையில் அடித்தான். அது பொம்மையின் கை என்று அடித்தவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே காலியாக இருந்தது, அடிக்க அடிக்க டொம் டொம் என்று சத்தம் வந்தது. ஆனால் கோபத்தில் இருப்பவனுக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்?

போலீஸ்காரர் ஒருவர் வந்து பிரித்துவிட்டார். பொம்மைகளைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. மெய்யறி வாரியம்னு ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க போய், இது பொய்ச் செய்தின்னு முத்திரை வாங்கிக்கங்க. அதுக்கப்புறம் ஒரு பய உங்க மேல கை வெக்க மாட்டான்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தால், மனைவியின் போனுக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது. அனுப்பியவள் மனைவியின் சொந்தத் தங்கை. மனைவி பத்ரகாளியாகிவிட்டாள்.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? இது உன் மாமாடி!"

"தெரியும்க்கா. மாமா மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் அனுப்புறாங்க, நாம மட்டும் அனுப்பாம இருந்தா நல்லா இருக்காதேன்னு அனுப்பினேன். எதுக்கும் நீயும் குழந்தையும் ஜாக்கிரதையா இருங்க."

அடியும் பல்லும்கூடப் பொம்மைக்காரருக்குப் பெரிதாகப் படவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது, அதுதான் அவரைச் சாய்த்தது. அவருக்கு ஒரே மகள், ஏழு வயது. மனைவி தையல் ஆலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும் என்பதால், மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது அப்பாவின் வேலை. ஒன்றரை கிலோமீட்டர் தூரமும் அவள் வாய் மூடாமல் பேசிக்கொண்டே வருவாள். அவருடைய ஒரு நாளில் உருப்படியான நேரம் என்றால் அதுதான். இனி அவர் பள்ளி வாசல் பக்கம் வரக் கூடாது, வந்தால் மற்ற பெற்றோர் சும்மா இருக்க மாட்டார்கள், வாரியத்தின் முத்திரையோடு வந்தால் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார். அதுவரை குழந்தை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்திருக்கும். வேறொருவர் குழந்தையை இல்லை, தன் குழந்தையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது! பொம்மைக்காரர் அன்றைக்குத்தான் அழுதார்.

மெய்யறி வாரியத்துக்கு ஐந்து மாடி. வாசலில் ஆளுயர எழுத்தில், "நம்பாதே, விசாரி" என்று எழுதியிருந்தது. முதல் மேசையில் இருந்த எழுத்தர் அதை அப்படியே கடைப்பிடித்தார். பொம்மைக்காரர் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

"உங்களைப் பத்தின செய்தியா? அதை முதல்ல அனுப்பினது யாரு?"

"தெரியலைங்களே. எனக்கு எங்க கொழுந்தியா அனுப்பினா."

"கொழுந்தியா அனுப்பினது நகல். நாங்க மூலத்தைத்தான் விசாரிப்போம். நகலை எல்லாம் விசாரிச்சா எங்க போய் முடியும்? சரி, படத்துல இருக்கறது நீங்கதானா?" எழுத்தர் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "படத்துல இருக்கறவருக்குக் கன்னம் ஒட்டி இருக்கு. உங்களுக்குப் பூரிச்சிருக்கு."

"அடிச்சதுல வீங்கினதுங்க."

"இருக்கலாம். ஆனா நாளைக்கே வேற ஒருத்தர் வீங்கின மூஞ்சியோட வந்து நான்தான் அவர்னு சொன்னா என்ன பண்றது? வீக்கம் வத்தினதும் வாங்க."

வீக்கம் வற்றப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். பதினோராவது நாள் பொம்மைக்காரர் சவரம் செய்துகொள்ளப் போனார். சோப்பு நுரை பூசியாகிவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்த பக்கத்து நாற்காலிக்காரர் போனை எடுத்தார், படத்தைப் பார்த்தார், எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வாங்கியது முதல் அடியைவிடச் சுத்தமாக இருந்தது. முகம் மறுபடி பூரித்தது. எழுத்தர் தேதியை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாவது வாரம் முகம் ஒருவழியாகப் படத்தோடு பொருந்தியது. இரண்டாவது மாடியில் சரிபார்ப்பு அதிகாரி அம்மா இருந்தார். நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சம்பந்தப்பட்ட பொருள்களை நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். பொம்மைக்காரர் திரும்பிப் போய், உடைந்த இரண்டு பொம்மைகளையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். போர்வைக்கு வெளியே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருந்த முப்பத்தெட்டு பேரும் பார்த்தார்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவரைத் தள்ளிவிட்டவர் பொறுப்பானவர்தான், முதலில் பொம்மைகளைப் பத்திரமாக இறக்கி இருக்கையில் வைத்தார். பொம்மைக்காரருக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஸ் பணிமனைவரை போய்ப் பொம்மைகளை மீட்டு, வாரியத்தில் சேர்த்தார்.

வாரியத்தின் மருத்துவர் வந்தார். பொம்மையின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்தார். அதிகாரி அம்மா படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"உயிரில்லைன்னு வந்திருக்கே."

"ஆமாங்கம்மா. பொம்மைங்க."

"அது நீங்க சொல்றது. அறிக்கையில பொம்மைன்னு எங்கயும் இல்ல. ரெண்டுக்கும் உயிரில்லை, உடம்பு விறைச்சிருக்கு, ஒண்ணுக்கு வலது கை இல்லைன்னுதான் இருக்கு. உயிரில்லைன்னா இறப்புச் சான்றிதழ் வேணுமே?"

"பொறக்கவே இல்லையேம்மா, எப்படிச் சாகும்?"

"அப்ப பிறக்கலைங்கறதுக்குச் சான்றிதழ் கொண்டு வாங்க."

அதை வாங்க அவர் அலைந்த அலைச்சலைச் சொன்னால் கதை இன்றைக்கு முடியாது. கொண்டுவந்தார் என்பது போதும். வாரியம் மனம் இரங்கியது. அங்கே மூன்றே முத்திரைகள்: பொய், மெய், ஆய்வில். ஒரு சொல்லுக்கு மேல் மக்கள் படிக்க மாட்டார்கள் என்று வாரியம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. அதனால் செய்தியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து, அதன்மேல் சிவப்பு மையில் "பொய்" என்று குத்தி, ஊர் முழுக்க அனுப்பிவைத்தார்கள். குத்தியவர் நடுவில் குத்த வேண்டும் என்று பார்த்துக் குத்தினார். நடுவில் பொம்மைக்காரரின் நெற்றி இருந்தது.

நெற்றியில் பொய் என்று எழுதிய ஒரு மனிதனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? சரியான பொய்யன், பொம்மை கிம்மை என்று இவன் சொன்னதெல்லாம் பொய், அரசாங்கமே சொல்லிவிட்டது என்று நினைத்தது. அதுவரை கொலைகாரன் என்று மட்டும் அடித்தவர்கள் அதற்குப் பிறகு ஏமாற்றுக்காரன் என்றும் சேர்த்து அடித்தார்கள்.

ஐந்தாவது மாடியில் இயக்குநர் இருந்தார். பொம்மைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார், நாற்காலியில் உட்கார விலா இடம் கொடுக்கவில்லை.

"ஐயா, நெத்தியில குத்திட்டாங்க. தப்பாப் படிக்கிறாங்க."

"மக்கள் தப்பாப் படிச்சா அது கல்வித் துறையோட பிரச்சினை. எங்க பொறுப்பு குத்துறது வரைக்கும்தான்" என்றார் இயக்குநர். பிறகு அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரி, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். பொய்ங்கறதாலதானே பிரச்சினை? மெய்னு குத்தச் சொல்றேன். உங்க தரப்பு மெய். திருப்தியா?"

பொம்மைக்காரர் காலில் விழாத குறையாகத் தடுத்தார். அதற்குள் குத்தியாகிவிட்டது, அனுப்பியும் ஆகிவிட்டது.

அதே படம், அதே பிணம் போன்ற பொம்மைகள், இப்போது பச்சை மையில் "மெய்". அப்படியானால் செய்தி உண்மைதான் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் தெருவின் போன் குழுவில் ஒரு பழைய தமிழாசிரியர் இருந்தார். மெய் என்றால் உடல் என்றும் பொருள் உண்டு, இங்கே வாரியம் நயமாகச் சொல்லியிருப்பது இவை உடல்கள்தான் என்பதையே என்று அவர் நான்கு பத்தி விளக்கம் எழுதினார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா என்று எழுபது பேர் கைகூப்பினார்கள். அவர்களில் நாற்பது பேர் அன்றைக்கு மதியமே கடப்பாரையோடு பொம்மைக்காரரின் பட்டறைக்கு வந்தார்கள்.

உள்ளே பெரிதும் சிறிதுமாக அறுபது பொம்மைகள் இருந்தன. எல்லாவற்றையும் தெருவுக்கு இழுத்துவந்தார்கள். தலையைத் திருகினார்கள், காலைப் பிய்த்தார்கள், வயிற்றைக் கடப்பாரையால் பிளந்தார்கள். உள்ளே குடல் இல்லை, காற்றுதான் இருந்தது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. தடுக்கப் போன பொம்மைக்காரரின் வலது கையைக் கதவுச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எலும்பு ஒடிந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. மனைவி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திராவிட்டால் அவர் அன்றைக்கே முடிந்திருப்பார். எல்லாம் ஓய்ந்தபின், தெருவில் சிதறிக் கிடந்த தலைகளையும் கைகால்களையும் ஒருவன் பொறுமையாகப் படம் பிடித்தான். "அறுபது குழந்தைகள்" என்று எழுதி அனுப்பினான்.

நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்து வாரியம் விழித்துக்கொண்டது. விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த முடிவு செய்தார்கள். இடம், பொம்மைக்காரரின் மகள் படிக்கும் அதே பள்ளி. நேரம், மதியம் இரண்டு மணி. எல்லாப் பெற்றோரும் கட்டாயம் வர வேண்டும். பொம்மைக்காரர் மேடையில் உயிருள்ள எடுத்துக்காட்டாக இருப்பார்.

மனைவி வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "அவங்க கையில நீங்களே போய் மாட்டிக்கிறீங்களா?"

"கூட்டம் முடிஞ்சா தலைமையாசிரியர் சீட்டை வாபஸ் வாங்கிடுவாராம். மூணு மணிக்குப் பிள்ளையை நானே கூட்டிட்டு வருவேன்" என்றார் அவர். இரண்டு மாதமாக அவள் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்தார்கள். பின்னால் முந்நூறு பெற்றோர். மேடையில் வலது கையில் மாவுக்கட்டோடு பொம்மைக்காரர். மகள் அவரைப் பார்த்துக் கையசைத்தாள், அவரும் இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நம்ம வாரியம் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நாலாயிரம் பொய்களுக்கு முத்திரை குத்தியிருக்கோம். நம்ம முத்திரை வாங்காம இந்த ஊர்ல ஒரு பொய்கூடப் பரவினதில்லைன்னு பெருமையாச் சொல்லுவேன்!"

கைதட்டினார்கள்.

"இந்த ஐயாவைப் பாருங்க. இவரை அடிச்சீங்க. அடிச்சதைப் பத்தி நான் பேச வரல. ஆனா எப்படி அடிச்சீங்க? அவசரப்பட்டு அடிச்சீங்க! ஒரு செய்தி வந்தா உடனே கையை ஓங்கலாமா? பத்து வரைக்கும் எண்ணணும். மனசுக்குள்ள இல்ல, வாய்விட்டு எண்ணணும். அதுக்கப்புறம்தான் எதுவும் செய்யணும். நம்ம ஊர்ல இனிமே யாரும் யாரையும் எண்ணாம அடிக்கக் கூடாது. இதுதான் வாரியத்தோட புது விதி!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பேச்சோடு விட்டிருக்கலாம். ஆனால் எத்தனை பேர் விழிப்படைந்தார்கள் என்று மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அதனால் திரையில் அந்தப் படத்தைப் போட்டு, இது மெய்யா பொய்யா என்று கைதூக்கச் சொன்னார். பொய் என்று ஒன்பது கைகள் எழுந்தன. மெய் என்று இருநூற்றுத் தொண்ணூறு. இயக்குநர் அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். பெரும்பான்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பின்வரிசையில் ஒரு தடித்த அப்பா எழுந்தார். "அவனை நம்ம பிள்ளைங்க முன்னாடியே கொண்டுவந்து உக்கார வெச்சிருக்காங்க!" என்றார். நாற்காலிகள் சரிந்தன. பந்தல் கம்புகளைப் பிடுங்கினார்கள். பூந்தொட்டிகளைச் சுற்றி வைத்திருந்த செங்கற்களைப் பெயர்த்தார்கள். மேடையிலிருந்து பொம்மைக்காரரை இழுத்து மைதானத்தின் நடுவில் போட்டார்கள். ஒருவர் அவர் தலைமுடியைப் பற்றி முகத்தைத் தூக்கிப் படத்தோடு ஒப்பிட்டார். "சரிபாத்தாச்சு, இவனேதான்" என்றார். செங்கல்கள் உயர்ந்தன.

"எண்ணுங்க!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அலறினார். "எண்ணாம அடிக்கக் கூடாது!"

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் குழந்தைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சேர்ந்து சத்தமா!" என்றார். அது அவருக்குப் பழக்கதோஷம். ஊரே எண்ணத் தொடங்கியது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"பாத்தீங்களா, என்ன கட்டுப்பாடு!" என்று இயக்குநர் அதிகாரி அம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்.

ஆறில் பொம்மைக்காரர் தலையை இடது கையால் மூடிக்கொண்டார். ஏழு. எட்டு. யாரோ சின்னக் கால்களோடு ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள். மகள்.

"ஒம்பது" என்றது ஊர். அடுத்த மூச்சை எடுப்பதற்குள் அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஒம்பதே கால்!"

செங்கல்கள் அப்படியே நின்றன.

"ஒம்பதரை!" என்று கத்திவிட்டுத் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களுக்குக் கால், அரை, முக்கால் பாடம் போன வாரம்தான் நடந்திருந்தது. "ஒம்பதே முக்கால்!" என்று முன்வரிசை முழுக்கச் சேர்ந்து கூவியது.

"ஒம்பதே முக்காலும் கொஞ்சம்!"

"ஏய், பத்து சொல்லு!" என்றார் தடித்த அப்பா. ஓங்கிய செங்கல்லை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "சார், இது எப்படி? இந்தக் குழந்தை ஏமாத்துது!"

இயக்குநர் விழித்தார். அதிகாரி அம்மா புது விதியின் சுற்றறிக்கையைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "பத்து வரைக்கும் எண்ணணும்னுதான் சார் இருக்கு. எவ்வளவு வேகமா எண்ணணும், பின்னம் வரலாமா கூடாதான்னு எதுவும் இல்ல."

"அப்ப விதி இன்னும் முடியலை" என்றார் இயக்குநர். "யாரும் கையை இறக்காதீங்க. எண்ணி முடிக்கட்டும்."

"ஒம்பதே முக்காலும் இன்னும் கொஞ்சம்!" என்றாள் மகள். அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். அவர் மண்டியிட்டு, பிறகு எழுந்தார். காது ஓரமாக ரத்தம் ஒழுகியது. அவள் இழுத்த இழுப்புக்கு ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். கூட்டம் வழிவிட்டது. எண்ணி முடியும்வரை யாரையும் தொடக் கூடாது, விதி அப்படி. காவலாளி எழுந்து வெளிக்கதவைத் திறந்துவிட்டார்.

மணி மூன்று அடித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு பொம்மைக்காரர் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வெளியே நடந்தார். பின்னால் முந்நூறு பேர், செங்கல்லும் கம்பும் ஓங்கியபடி, இடைவெளி விட்டு ஒழுங்காக வந்தார்கள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வாரியத்தின் ஆட்கள் இருபுறமும் நடந்தார்கள். இயக்குநர் தன் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார்.

"ஒம்பதே முக்காலும் இன்னும் இன்னும் கொஞ்சம்..." முதல் தெரு முடிவதற்குள் அவள் குரல் கம்மிவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "அப்பா, எதுவரைக்கும்பா சொல்லணும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். பற்கள் இல்லாததால் பேச்சு சரியாக வரவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்தது.

"மெதுவாச் சொல்லுமா. அவசரமே இல்ல."